சிரிக்கவைத்தவரை நினைக்கும் ஊர்

புனேவுக்குப் போகிறவர்களுக்குச் சனிவார்வாடா, ஆகா கான் மாளிகை, சிங்ககட் கோட்டை என்று ஒரு பட்டியலை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் வராத ஒரு வழித்தடமும் அங்கே இருக்கிறது. டெக்கான் ஜிம்கானாவை ஒட்டிய பண்டார்கர் சாலை, ஜங்லி மகாராஜ் சாலையில் உள்ள பாலகந்தர்வ ரங்கமந்திர் நாடக அரங்கம், சிங்ககட் சாலைப் பூங்கா, பல்கலைக்கழக வளாகத்து வானியல் மையம், எரவாடா என்று நகரத்தின் குறுக்கும் நெடுக்கும் போகும் தடம் அது. எல்லாம் ஒரே மனிதரின் நினைவு. புருஷோத்தம் லக்ஷ்மண் தேஷ்பாண்டே 1919 நவம்பர் 8 அன்று மும்பையில் பிறந்து, 2000 ஜூன் 12 அன்று புனேயில் காலமானவர். எழுத்தாளர், நாடகாசிரியர், நடிகர், ஹார்மோனியக் கலைஞர், இசையமைப்பாளர். 1953இல் வந்த 'குளாச்சா கண்பதி' படத்தின் இயக்கம், இசை, நாயகன் வேடம் எல்லாமே அவர்தான். அதில் பீம்சேன் ஜோஷி பாடிய இந்திராயணிக் கரைப் பாட்டு இன்றும் கச்சேரி மேடைகளில் கேட்கிறது. மராத்தியர்களுக்கு அவர் பு.ல.; வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் 'பாயி', அதாவது அண்ணன். இறந்து கால் நூற்றாண்டு கடந்தும் ஒரு நகரம் அவரைச் சொந்தக்காரரைப் போல நினைவில் வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால், வீட்டில் எல்லாரையும் சிரிக்கவைத்த ஒருவர் போய்ச்சேர்ந்த பிறகு அவரை நினைக்க நாம் பழகியிருக்கும் முறை சரிதானா என்ற கேள்வி எழுகிறது. சரியில்லை என்பதுதான் என் கருத்து. அந்த முறை அவரை இரண்டாம் தடவையும் இழக்கவைக்கிறது.

நம் வீடுகளில் நடப்பது நமக்குத் தெரியும். பந்தி நடக்கும்போதே கூடத்தையே குலுங்கவைத்த சித்தப்பா, தாயக்கட்டையில் துணிந்து பொய்யாட்டம் ஆடிய அத்தை என்று குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பார். அவர் இறந்ததும் ஏதோ ஓர் அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சந்தனமாலை போட்டு மாட்டுகிறோம். அந்தப் படத்தில் இருப்பவர் வாழ்நாளில் அப்படி ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. வருஷத் திதியில் அவருடைய நற்பண்புகள் பேசப்படும். அவர் சொன்ன கதைகளைச் சொல்ல யாராவது வாயெடுத்தால் ஒரு பெரியவர் முறைப்பார். பிறகு பிறந்த குழந்தைகளுக்கு அவர் மாலை போட்ட ஒரு முகம், அவ்வளவுதான். தமிழ் மரபு இப்படிக் கட்டளையிட்டதாகவும் தெரியவில்லை. புறநானூற்றில் அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை, அவன் வென்ற போர்களிலிருந்து தொடங்குவதில்லை. கள் குறைவாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட அவனும் உடனிருந்து குடித்து மகிழ்வான் என்றுதான் தொடங்குகிறது. கூடியிருந்து களித்த பொழுதை முதலில் சொன்னதால்தான் பின்னால் வரும் இழப்பு நம்மை அவ்வளவு கடுமையாகத் தாக்குகிறது.

பு.ல.வை நினைப்பதில் புனே அந்தப் பழைய வழியில் நிற்கிறது. அவர் கடைசி ஆண்டுகளைக் கழித்த 'மாலதி மாதவ்' குடியிருப்பு பண்டார்கர் சாலையில் இருக்கிறது. அந்தப் பகுதியின் பழைய கடைகளையும் வீட்டு வாசல்களையும் பார்த்துக்கொண்டே நடந்தால், வெடுக்கென்று பேசும் அறிவிப்புப் பலகைகள் கண்ணில் படும். மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடை அடைப்பது, வந்தவரிடம் நேரடியாகக் கடுப்பைக் காட்டுவது, எதைப் பற்றியும் உறுதியான அபிப்பிராயம் வைத்திருப்பது ஆகிய புனேக்காரர் குணங்களை மேடையில் ஏற்றிக் கலாய்த்தவர் பு.ல.தான். 'நீங்கள் யாராக ஆசைப்படுகிறீர்கள், மும்பைக்காரரா, புனேக்காரரா, நாக்பூர்க்காரரா' என்று கேட்கும் அந்த உரையில் அதிகமாக அடிவாங்கியது புனேதான். அடிவாங்கிய ஊரே அதைப் பதிவுகளில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறது. நம் கல்யாண வீடுகளில் மாமன், மச்சான் முறைக்காரருக்கு மட்டும் உள்ள கேலி உரிமையை இந்த ஊர் அவருக்குக் கொடுத்திருக்கிறது. குழந்தை இல்லாத அவரையும் அவர் மனைவியையும் ஒரு மாநிலமே உறவு கொண்டாட இந்த உரிமைதான் அடிப்படை. புகழ்ந்தவர்களை மக்கள் மதிக்கிறார்கள். தங்களைக் கேலி செய்ய யாரை விட்டார்களோ அவர்களைத்தான் வீட்டாராக எண்ணுகிறார்கள்.

சிரிப்பு துக்கத்தின் கனத்தைக் குறைத்துவிடாதா என்பது முதலில் வரும் ஆட்சேபம். செத்த வீட்டில் சிரிப்பது செத்தவரை மதிக்காத செயல் என்று நினைப்பவர்களின் மனம் புரிகிறது. அந்தக் கவலைக்குப் பின்னால் அன்பு இருக்கிறது. இதற்குப் பதில் பு.ல.வின் எழுத்திலேயே கிடைக்கிறது. 1962இல் வெளிவந்து, 1965க்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற 'வ்யக்தி ஆணி வல்லி' மனிதச் சித்திரங்களின் தொகுப்பு. அதில் வரும் நாராயணன் நமக்கு நன்றாகத் தெரிந்தவன். யார் வீட்டுக் கல்யாணமானாலும் புடவைக் கடையிலிருந்து பந்தி வரை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்பவன், நூறு பேர் நூறு முறை கூப்பிடும் பெயருக்குச் சொந்தக்காரன். அவனுடைய ஓட்டத்தைப் பார்த்து நாம் சிரித்துக்கொண்டே போகிறோம். பெண்ணை வழியனுப்பியாயிற்று, கூட்டம் கலைந்தாயிற்று என்று ஆனபோதுதான் அவனைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை என்பது உறைக்கிறது. ரத்னகிரியின் அந்து பர்வா இன்னும் கூர்மையானவர். வறுமை, முதுமை, தனிமை எதைப் பற்றியும் குத்தலாக அல்லாமல் பேசத் தெரியாத கிழவர். மனைவி போனபிறகு வாசல் மாமரம் பூக்கவே இல்லை என்று அவர் போகிறபோக்கில் சொல்லும் இடம் வரும்போது, அதுவரை சிரித்த ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் என்ன இருந்தது என்று தெரிகிறது. சிரிப்பைக் கழித்துவிட்டால் அந்து பர்வா வெறும் பரிதாபத்துக்குரிய ஏழைக் கிழவர். அவர் அப்படிப் பார்க்கப்படுவதைத்தான் வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது நகையை முதலிலும் அழுகையை அடுத்தும் வைக்கிறது. அழுகை பிறக்கும் களங்களாக அது சொல்லும் நான்கில் இழவும் வறுமையும் இருக்கின்றன. அந்து பர்வாவிடம் இருந்தவை இரண்டும் அவைதான், அவர் பதிலுக்குக் கொடுத்ததோ நகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இலக்கணத்தோடு வளர்ந்த நாம், ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது வரக்கூடாது என்று சட்டம் போடவேண்டியதில்லை.

பு.ல. புகழ்பெற்றவர், அவருடைய குரலும் படமும் பதிவாகியிருக்கின்றன, ஊர்பேர் தெரியாத நம் சித்தப்பாவுக்கு அந்த வசதி ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மராத்தியர்கள் நினைவில் வைத்திருப்பது பு.ல.வை மட்டும் இல்லை. அவருடைய சித்திரங்களில் வரும் துணி வெளுக்கும் நாமு, சம்பளத்தைத் தாண்டிப் பிள்ளைகளுக்காக உழைத்த சித்தளே வாத்தியார் போன்றவர்களையும் தங்கள் சொந்தக்காரர்களாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பாத்திரங்களில் கற்பனை கலந்திருக்கும், ஆனாலும் இவர்களைப் போன்றவர்களுக்கு யாரும் ஒலிப்பதிவு செய்துவைக்கவில்லை. அவர்கள் பேச்சின் இழுப்பை, திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல்லை, கோபம் வந்தால் எந்தக் காலை மாற்றி நிற்பார்கள் என்பதை ஒருவர் கவனித்துக் காதில் வாங்கி வைத்திருந்தார். உற்றார் உறவினரைப் பற்றிய 'கணகோத்' என்ற தொகுப்பில் அவர் தாய்வழித் தாத்தா வாமன் மங்கேஷ் துபாஷியைப் பற்றி எழுதியிருக்கிறார். 'ரிக்வேதி' என்ற புனைபெயரில் எழுதியவர், தாகூரின் கீதாஞ்சலியை மராத்தி அபங்கங்களாக ஆக்கியவர். அதே தொகுப்பில் பெல்காமின் ராவ்சாஹேபும் வருகிறார். கன்னடம் ஏறிய மராத்தியில், வசவும் வாஞ்சையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் அந்தச் சங்கீதப் பிரியரை, அவர் மொழியைத் திருத்தாமல் அப்படியே எழுதியிருக்கிறார். திருத்தியிருந்தால் ராவ்சாஹேப் அன்றே செத்திருப்பார். நம் வீட்டுப் பெரியவரின் பேச்சை நாம் எடுத்துச்சொல்லும்போது, வட்டார வழக்கையும் கெட்ட வார்த்தையையும் நீக்கிப் பொன்மொழி ஆக்கிவிடுகிறோம். அவருடைய குரல் தொலைவது அங்கேதான். பதிவுக் கருவி இல்லாத குறையினால் தொலைவதில்லை.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் இன்னொன்று. சிரிக்கவைத்தவரை எல்லாரும் மன்னித்துவிடுவார்கள். சபையில் அவர் கலகலப்பாக இருந்ததற்கான விலையை வீட்டில் யாரோ கொடுத்திருப்பார்கள். சிரிப்பை மட்டும் நினைவில் வைத்தால் அந்த விலை மறைந்துபோகும். இது உண்மை, பல தமிழ்க் குடும்பங்களில் அந்த விலையைக் கொடுத்த பெண் இன்னும் சமையற்கட்டில்தான் இருக்கிறார். பு.ல. விஷயத்தில் இந்தக் கணக்கை அவர் மனைவி சுனிதா தேஷ்பாண்டேயே எழுதிவைத்தார், அதுவும் கணவர் உயிரோடு இருக்கும்போது. 1942இன் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் ஈடுபட்டவர், 1946 ஜூன் 12 அன்று பு.ல.வைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர். 1990இல் வந்த 'ஆஹே மனோஹர் தரி' என்ற தன்வரலாற்றில், ஊரே கொண்டாடும் மனிதர் வீட்டில் குழந்தையைப் போலத் தன்னைப் பற்றியே நினைத்திருந்ததையும், நடைமுறைச் சுமைகள் எல்லாம் தன் தோளில் விழுந்ததையும் அவர் மறைக்கவில்லை. புத்தகம் பெரிய அதிர்வை உண்டாக்கியது. ஆனால் பு.ல.வின் மீது மக்களுக்கு இருந்த பிரியம் அதனால் குறையவில்லை. சுனிதாவும் மராத்தியின் முக்கியமான எழுத்தாளராக நிலைத்தார். பார்க்கின்சன் நோயோடு கழிந்த கணவரின் கடைசி ஆண்டுகளிலும் உடனிருந்தவர் அவர்தான். பு.ல. இறந்தது அவர்களுடைய திருமண நாளன்று. 2009 நவம்பர் 7 அன்று சுனிதாவும் மறைந்தார். இந்தப் புத்தகம் இல்லாமல் புனேயின் நினைவு வெறும் வழிபாடாகியிருக்கும் என்று நினைக்கிறேன். சிரிப்பு குறையை மூடுகிறது என்ற வாதத்துக்கு எதிராக நான் முதலில் எடுத்துவைப்பது இதைத்தான்: உண்மையில் குறைகளைப் பூசி மெழுகுவது புனிதப்படுத்தும் துக்கம்தான், கூடவே வாழ்ந்தவரின் கோபத்துக்கு இடம் வைக்கும் நினைவில் சிரிப்பும் தாக்குப்பிடிக்கிறது.

பு.ல.வின் உலகம் பெரும்பாலும் மராத்தி நடுத்தர வர்க்கத்தின், அதிலும் மேல்சாதி வீடுகளின் உலகம் என்ற விமர்சனத்தையும் ஒதுக்க முடியாது. அந்தச் சிரிப்பில் சேராமல் வெளியே நின்றவர்கள் உண்டு. 1978இல் தயா பவாரின் தலித் தன்வரலாறான 'பலுத்த' வந்தபோது அதை மனம் திறந்து வரவேற்று எழுதியவர்களில் பு.ல.வும் ஒருவர் என்பதைச் சொல்லலாம். ஆனாலும் ஒரு குடும்பத்தின் சிரிப்பு எல்லாருடைய சிரிப்பும் ஆகிவிடாது, அவருடையதும் ஆகவில்லை.

நினைவிடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்ககட் சாலையில் அவர் பெயரில் இருப்பது ஒகயாமா நகரத்தின் கோராகுவென் தோட்டத்தை மாதிரியாகக் கொண்ட ஜப்பானிய பாணிப் பூங்கா. 'பூர்வரங்க' என்ற பயண நூலில் ஜப்பானைப் பற்றி எழுதியவர் என்பதால் பொருத்தம் இல்லாமல் இல்லை; நடைபயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அது அழகான இடம். ஆனால் அங்கே பு.ல. பெயர்ப்பலகையாக மட்டுமே இருக்கிறார். எரவாடாவின் முக்தாங்கணுக்குப் போனால் நிலைமை வேறு. போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் அந்த மையத்தை அனில், அனிதா அவசட் தம்பதி 1986இல் தொடங்கியபோது, பு.ல.வும் சுனிதாவும் கொடுத்த பணம் தொடக்க உதவியாக இருந்தது. மேடையில் தனியாளாக நின்று ஊரைச் சிரிக்கவைத்துச் சம்பாதித்ததைத் தங்கள் அறக்கட்டளை வழியாக அவர்கள் இப்படித் திருப்பிக் கொடுத்தார்கள். விஞ்ஞானி ஜயந்த் நார்லிகர் உருவாக்கிய வானியல் மையத்தின் வளாகத்தில் அதே அறக்கட்டளையின் கொடையில் எழுந்த குழந்தைகள் அறிவியல் கூடத்துக்குப் 'புலஸ்த்ய' என்று பெயர். சப்தரிஷி மண்டலத்து விண்மீன் ஒன்றின் பெயர் அது. கழித்துப் போட்ட குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்யும் அரவிந்த் குப்தா பல ஆண்டுகள் குழந்தைகளோடு வேலை செய்த இடம். மூன்றில் எது பு.ல.வின் நினைவிடம் என்று கேட்டால், பூங்காவைக் கடைசியில்தான் சொல்வேன்.

காலம் மாறினால் நகைச்சுவை செத்துவிடும், பாட்டன் சிரித்ததற்குப் பேரன் சிரிக்கமாட்டான் என்பது மிச்சமிருக்கும் ஆட்சேபம். சில இடங்களில் அது சரிதான். மும்பையின் சாள் எனப்படும் ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களின் வாழ்க்கையைத் தெரியாதவர்களுக்கு 'படாட்யாச்சி சாள்' பாதிதான் எட்டும். ஆனால் கொங்கணத்துச் சாலையில் பேருந்து ஓர் எருமையின் மீது மோத, இறங்கி நிற்கும் பயணிகள் ஆளாளுக்கு நியாயம் பேசும் 'ம்ஹைஸ்' இன்றும் புதிய கேட்பவர்களைப் பிடிக்கிறது. விபத்து நடந்த இடத்தில் நாம் இன்றும் அப்படித்தான் பேசுகிறோம். நவம்பரில் அவர் பிறந்தநாளை ஒட்டிப் புலோத்சவம் என்று விழா எடுக்கிறார்கள். நடிகர்கள் அவருடைய மனிதச் சித்திரங்களை மேடையில் வாசிக்கிறார்கள், அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி. இதற்கு ரங்கமந்திரம் தேவையில்லை. போனவரின் பேச்சை அவர் குரலிலேயே செய்துகாட்டக்கூடிய ஒருவர், பெரும்பாலும் ஒரு கடைக்குட்டியோ மருமகனோ, நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார். திதியன்று இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறிய பிறகு, அந்த ஆளைப் பேசச்சொல்லிக் கேட்கலாம். முறைக்கும் பெரியவரும் அந்தக் கதையில் ஒரு பாத்திரமாக இருந்தவராகத்தான் இருப்பார். விட்டுப்போன வரியை எடுத்துக்கொடுக்க அவரைவிட்டால் வேறு ஆள் கிடையாது.