ரங்கத்தில் மான் காவல்

மான் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. சீதாப்பிராட்டி ஆசைப்பட்ட பொன்மானும், சகுந்தலையின் ஆடையைப் பற்றி இழுத்து வழிமறித்த ஆசிரமக் குட்டியும், பெண்களின் கண்ணுக்கு உவமையாகிக் கவிகளின் ஏட்டில் அலுக்காமல் மருண்டுகொண்டிருக்கும் பிணையும் சேர்ந்து, அந்தப் பிராணியைச் சாதுவான தெய்வப் பிறவியாகவே நம் மனத்தில் பிரதிஷ்டை செய்துவிட்டன. நானோ சென்னைவாசி, கிண்டியில் கம்பி வேலிக்கு வெளியே நின்று குழந்தைகளுக்கு மான் காட்டியவன். ஏட்டிலிருந்தும் வேலிக்கு அப்பாலிருந்தும் நான் சேகரித்து வைத்திருந்த அபிப்பிராயம் அத்தனையும், மத்திய அந்தமானில் ரங்கத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, "எங்க ஊரு மானு எல்லாம் களவாணி மானு, மாமா" என்று சொன்ன ஒரே வாக்கியத்தில் ஆட்டம் காணத் தொடங்கியது.

அவள் என் நண்பரின் உறவினர் வீட்டுக் குழந்தை. அவளுடைய பாட்டனாரின் தகப்பனார் இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வனத்துறைக் கூலியாகக் கப்பலேறி வந்து, படாக், குர்ஜன் மரங்களை வெட்டி, வெட்டிய காசில், கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து குடியமர்ந்த ஒருவரிடம் நிலம் வாங்கியவர். 1949 முதல் வந்து சேர்ந்த அந்த வங்காளக் குடும்பங்களுக்குச் சர்க்கார் நெல்லுக்கென்று ஐந்து ஏக்கர் சமவெளியும், தோட்டத்துக்கென்று ஐந்து ஏக்கர் மலைச்சரிவும் அளந்து கொடுத்தது. இவர்கள் வீட்டு நிலத்திலும் அந்த அமைப்பு அப்படியே இருக்கிறது: கீழே வயல், மேலே பாக்கும் தென்னையும், அதற்கும் மேலே, வேலி என்று சொல்லிக் கட்டிய பழைய மீன்வலைகளுக்கு அப்பால், காடு. நான் போனது கார்த்திகை மாதம். பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'சி பதினாலு எட்டு' என்ற நெட்டை நெல், ஆனியில் நட்டால் மார்கழியில்தான் அறுவடைக்கு வருவது, கதிர் வாங்கிச் சாய்ந்து நின்றது.

அந்தத் தீவுகளில் சூரியன் இந்திய நேரத்தை மதிப்பதில்லை. நம் ஊரில் இரண்டாவது காபிக்கு அடுப்பு மூட்டுகிற மாலை ஐந்து மணிக்கு அங்கே இருட்டிவிடுகிறது. ஏழு மணிக்கெல்லாம் சாப்பாடு முடிந்து ஊர் அடங்கிவிடுகிறது. ஆகவே அந்த வீட்டுச் சண்டையும் ஆறு மணிக்கே ஆரம்பமாகிவிட்டது.

சண்டைக்குக் காரணம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். 'எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு' என்ற தலைப்பில், அந்தக் குழந்தை, 'நான் தாத்தாவுடன் எங்கள் வயலில் மான் வேட்டைக்குப் போவேன்' என்று முத்து முத்தாக எழுதி வைத்திருந்தாள். ஆசிரியை அதை வாசித்துவிட்டுத் தாயாரை அழைத்துத் தனியே எச்சரித்து அனுப்பியிருக்கிறார்.

"வேட்டைன்னு எழுதியிருக்கா மாமா! ஃபாரஸ்ட்காரங்க காதுல விழுந்தா என்ன ஆகும்? இனிமே இவளை ராத்திரிக் காவலுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றாள் மருமகள். பரமக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். நம் தேசத்தை அங்கே எல்லோரும் 'மெயின்லேண்ட்' என்று சொல்லும்போது இவள் மட்டும் 'ஊரு' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் மீன்முள்ளை நிதானமாக எடுத்து வைத்துவிட்டு, "எங்கப்பா என்னைக் கூட்டிட்டுப் போனாரு. நான் இவளைக் கூட்டிட்டுப் போறேன். துப்பாக்கியா கொண்டு போறேன்? தகர டின்னுதானே?" என்றார்.

"டின்னுன்னு அவ எழுதலையே!"

வாஸ்தவம்தான். நான் விருந்தாளி, இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டினேன். ஆனால் உள்ளூர என் அனுதாபம் மருமகளிடமே இருந்தது. ஒரு பெண் குழந்தையை இருட்டில் காட்டோரம் உட்கார வைத்து, ஒரு சாது மிருகத்தை விரோதியாக நினைக்கப் பழக்குவது முரட்டுத்தனம் என்றே எனக்குத் தோன்றியது. அவர்கள் சண்டையோ தீராமல் நின்று, கடைசியில், "மெட்ராஸ் மாமாவும் கூட வர்றாருல்ல, இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்" என்ற சமரசத்தில் முடிந்தது. அவ்விதமாக, விரும்பாத ஒரு காரியத்துக்கு நான் ஜாமீன் ஆனேன்.

புறப்படுவதற்குமுன் பெரியவர் பேத்தியைத் திண்ணையில் உட்கார வைத்து, உப்பையும் புகையிலைத் தூளையும் நீரில் குழைத்து, அவள் கால் விரல் இடுக்கிலிருந்து முழங்கால் வரை பூசினார். அட்டைக்கு அது ஆகாதாம். பிறகு மிச்சத்தை என்னிடம் நீட்டினார். பூசிக்கொண்டேன். அதன் எரிச்சல் விடியும்வரை இருந்தது.

வரப்பில் ஓரிடத்தில் அவர் டார்ச்சைத் தாழ்த்தினார். சேற்றில் இரண்டு கூரிய பிளவாகப் பதிந்த குளம்படி, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அளவு. அதற்குள் நீர் ஊறி நின்றது. பேத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொடாமல், அந்த நீரையே பார்த்தாள்.

"எப்பப் போச்சு?" என்றார் தாத்தா.

"தண்ணி தெளிஞ்சிருக்கு. நேத்து ராத்திரி."

"அது?"

அடுத்த தடத்தில் நீர் இன்னும் கலங்கலாக இருந்தது. "இப்பத்தான்" என்று அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர் அடுத்து வினவ, அவள் விரலை எச்சிலால் நனைத்து உயர்த்திப் பிடித்தாள். வேட்டைக்குரிய சாஸ்திரம் அத்தனையையும், அதன் கடைசி அத்தியாயம் ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு, அந்தக் கிழவர் ஒரு குழந்தைக்கு உபதேசித்துக்கொண்டிருந்தார். என் குழந்தைகள் அவள் வயதில் மானைக் கண்டு கை தட்டினார்களேயன்றி, அது எங்கே போயிற்று, எப்போது போயிற்று என்று கேட்டதே இல்லை. நானும் கேட்கச் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்தால் அல்லவா!

வயலோரத்தில் நான்கு கால் நட்டுக் கட்டிய பரண். அதன்மேல் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு வள்ளியின் ஞாபகம் வந்தது. பரண்மேல் நின்று தினைப்புனம் காத்த அந்தக் குறமகள், மான் வயிற்றில் பிறந்தவள் என்றுதான் புராணம் சொல்கிறது. அவள் கிளியையும் குருவியையும் விரட்டியதை ரசித்த நான், தினையை மேய மான் வந்தபோது அந்த மான்மகள் என்ன செய்திருப்பாள் என்று அதுவரை யோசித்ததே இல்லை. சங்கடமான கேள்விதான்.

காத்திருந்த நேரத்தில் மான் எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். அந்தக் காடு மானுக்குச் சொந்தமல்ல என்பதே எனக்குப் புதிய செய்தி. காட்டுப் பன்றி அந்தமானுக்கே உரியது; புள்ளிமானோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் வேட்டையின் பொருட்டு மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்து விட்டது. புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை, மான் பெருகிற்று. ஒரு தீவிலிருந்து மறு தீவுக்கு நீந்தியும் போயிற்று. காட்டின் தரையில் முளைவிடும் கன்றுகளை அது மேய்ந்துவிடுவதால் மரங்கள் மறுபடி தழைப்பது தடைப்படுகிறது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதியிருப்பதைப் பின்னர் படித்தேன்.

"இதுங்களைக் குறைக்கணும்னு அம்பதுகள்ல சிறுத்தை ரெண்டு கொண்டாந்து விட்டாங்களாம் தம்பி," என்றார் பெரியவர். "ரெண்டும் பொட்டையாம்." சிரிப்பை அடக்கியதில் பரண் ஆடியது. அந்தச் சிறுத்தைகள் பிறகு என்னவாயின என்று அவருக்கும் தெரியவில்லை. மான் மட்டும் இருக்கிறது. "ஜாரவா ஜனங்க பன்னிதான் அடிப்பாங்க. மானை அடிக்கிறது அவங்க வழக்கத்துல கிடையாது" என்றும் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியம் என்ன? எண்ணற்ற தலைமுறைகளாக அந்தக் காட்டில் வாழும் ஜனங்களுக்கு மான் நேற்று வந்த அந்நியன். பெரியவரின் தகப்பனாரைப் போல, வங்காளத்து அகதியைப் போல, பக்கத்து மாயாபந்தரில் 1925-இல் பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட கரேன் ஜனங்களைப் போல. கப்பலில் வந்தவர்களுக்குள்ளேதான் இந்த வழக்கு.

அவர் முதன்முதல் தகப்பனாரோடு வேட்டைக்குப் போனதும் இந்த வயலில்தான்; அப்போது அவருக்கு எட்டு வயது. "நான் டார்ச் பிடிச்சேன். கண்ணு ரெண்டும் பச்சையா மின்னுச்சு. அப்பா சுட்டாரு. கிட்டப் போனதும் என் கையைப் பிடிச்சு அதோட கழுத்துல வச்சாரு. சூடா இருந்துச்சு தம்பி. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல." சற்றுப் பொறுத்து, "மறுநாள் இறங்கிருச்சு" என்றார். ஒரு தொடை வங்காளி வீட்டுக்குப் போகும். மறுநாள் அங்கிருந்து மீன் வரும். மிச்சத்தை மஞ்சளும் உப்பும் தடவி உப்புக்கண்டம் போட்டுவிடுவார்கள்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு நிக்கோபார் பழங்குடியினருக்கு 1967-இல் அளிக்கப்பட்ட வேட்டை உரிமையைத் தொடாமல் விட்டதே தவிர, ரங்கத்து விவசாயிக்கு அப்படியொரு சலுகை எதையும் தரவில்லை. தரவேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. துப்பாக்கி கையிலிருந்தால் மானோடு நிற்கிற சுபாவம் மனிதனுக்கு இல்லை. ஆனால் புலியும் சிறுத்தையும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிற ஒரு பெரிய தேசத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டம், அவை இல்லாத ஒரு தீவில் கதிரை இழப்பவனுக்கு ஒரு தகர டின்னை மட்டும் கொடுத்து, பரணில் ஏற்றிவிட்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மானை நான் பார்க்கவில்லை என்றால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். உப்பும் புகையிலையும் எரித்த எரிச்சலையும் மீறிக் கண் அயர்ந்திருக்கிறேன். டின் அதிர்ந்த அதிர்ச்சியில் விழித்தபோது, குழந்தை எழுந்து நின்று கரண்டியால் அதை விளாசிக்கொண்டிருந்தாள். பாக்குத் தோட்டத்துக்குள் ஏதோ வெள்ளை வால்கள் துள்ளி மறைந்த மாதிரி இருந்தது. காட்டுக்குள்ளிருந்து ஒற்றைக் கூர்ங்குரல் எச்சரித்தது. "ஏழு!" என்று அவள் கத்தினாள். "ஒண்ணு கொம்பு! தாத்தா, கொம்பு தோலோட இருந்துச்சு!" புதிதாக முளைத்த கொம்பின்மேல் வெல்வெட்டுப் போல் தோல் போர்த்தியிருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய முகத்தில் விரோதமும் இல்லை, நான் பயந்த முரட்டுத்தனமும் இல்லை. தெரிந்த ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பரம சந்தோஷம்தான் இருந்தது. மாலையில் மருமகள் பக்கம் சாய்ந்த என் மனம் அந்தக் கணத்தில் மெல்லப் பெரியவர் பக்கம் நகர்ந்தது.

விடிந்ததும் வேலியைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினோம். வலை கிழிந்த இடத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று வட்டமாகத் தொங்கியது. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி. மறுமுனை ஒரு பாக்கு மரத்தில் இறுகக் கட்டியிருந்தது. யாரோ இரவோடிரவாக வந்து இவர் நிலத்தில் சுருக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதுவரையில் சிரித்த முகமாயிருந்த கிழவர் முகம் கறுத்தது. இடுப்பிலிருந்த கத்தியால் பட்டையைச் செதுக்கி, முடிச்சை அவிழ்த்து, கம்பியைச் சுருட்டி மடியில் செருகினார். "எதிர்ல நின்னு சுடுறவன் வேட்டைக்காரன். இதை வச்சுட்டு வீட்ல போய்ப் படுத்துத் தூங்குறவனுக்கு என்ன பேரு?" என்று என்னிடம் கேட்டார்.

குழந்தை கம்பி தொங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, இதுல மானு மாட்டியிருந்தா நாம சாப்பிடலாமா?"

நான் கிழவரைப் பார்த்தேன். அவர் காட்டைப் பார்த்தார். "உங்கம்மாகிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கத் தொடங்கினார்.

அவளும் மறக்காமல் இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டாள். மருமகள் பதில் சொல்லாமல் சட்னியை ஊற்றிவிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து, பழைய கட்டுரையின் மேல் ஒரு கோடு இழுத்து, "'எங்கள் வயல் காவல்'னு தலைப்பு வை. புதுசா எழுது. மாமா பத்திரிகையில எழுதுறவருதானே, சொல்லித்தரச் சொல்லு" என்றாள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிலவொளியில் மான்கூட்டம் வந்த காட்சியை வர்ணித்து ஒரு வாக்கியம் சொன்னேன்.

"நிலாவே இல்லையே," என்றாள் குழந்தை. "நீங்க தூங்கிட்டீங்க."

பிறகு அவளே எழுதினாள்: கலங்கிய தண்ணீர், ஏழு மான், தோல் போர்த்திய கொம்பு, டின். அடுத்து, சுருக்கைப் பற்றி எழுதலாமா என்று கேட்டாள். "வேண்டாம்" என்று தாத்தாவும் "கூடாது" என்று தாயாரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். நான் அங்கே தங்கியிருந்தவரையில் மாமனாரும் மருமகளும் ஒருமித்துச் சொன்னது அது ஒன்றுதான். ஒருவருக்கு வெட்கம், மற்றவருக்குப் பயம். குழந்தை பென்சிலைக் கடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எழுதல. படம் மட்டும் போடட்டுமா?"