இரண்டுக்கு ஒன்று

கடலோரப் பங்கு ஒன்றில் பணியாற்றும் குருவிடம் இறைமக்கள் எவற்றுக்கெல்லாம் ஆலோசனை கேட்பர் என்பதைக் குருமடத்தில் நமக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, பெண் பார்க்கும் படலம், வேலித் தகராறு, வட்டிக் கடன் ஆகியவை எல்லாப் பங்குகளிலும் வருபவை. கோவளத்திற்கும் சதுரங்கப்பட்டினத்திற்கும் இடைப்பட்ட எம் கரையில் இவற்றோடு மற்றொரு கேள்வியும் வரும்: "சாமி, படகுக்கு என்ன இஞ்சின் போடலாம்?"

சென்ற ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில் ஒரு தாயும் மகனும் பங்கு இல்லத்திற்கு வந்து திண்ணையில் அமர்ந்தனர். குடும்பத் தலைவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையெங்கும் நிவாரணமாக வழங்கப்பட்ட ஃபைபர் படகுகளுள் ஒன்று அவர்களுடையது. 28 அடி நீளம். ஆங்காங்கே ஒட்டுப் போட்டிருந்தாலும் படகின் உடல் உறுதியாகவே இருந்தது. இயந்திரந்தான் உயிர் விட்டுவிட்டது. இருமுறை பிரித்துச் சீர்செய்தாகிவிட்டது. மூன்றாம் முறை வேண்டாம் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

மகன் முடிவோடுதான் வந்திருந்தான். 20 குதிரைத்திறன் டீசல் இயந்திரம், கியர் எதுவும் வேண்டாம், நேரடித் தண்டு. கடையிலும் அதையே சொன்னார்களாம். தாய் ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பால் கழுத்தை மூடியிருந்தார். சங்கிலி ஏற்கெனவே அடகுக்குப் போய்விட்டது என்பதை நாம் புரிந்துகொண்டோம்.

கடலறியா வாசகருக்காக இந்த இயந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எம் கரையில் துறைமுகம் இல்லை. படகு அலைகளை உடைத்துக்கொண்டு மணலிலிருந்து புறப்பட வேண்டும். மீண்டும் அலையின் முதுகிலேறி மணலிலேயே வந்து ஒதுங்க வேண்டும். ஆதலால் படகின் பின்புறத்தில் இயந்திரத்தை ஓர் அச்சின்மேல் பொருத்தி, அதிலிருந்து நீண்ட இரும்புத் தண்டு ஒன்றைச் சாய்வாகக் கடலுக்குள் இறக்கியிருப்பர். தண்டின் நுனியில் புரொப்பெல்லர் எனும் உந்துவிசிறி சுழலும். கைப்பிடியைத் திருப்பினால் படகு திரும்பும். அழுத்தினால் வால்போன்ற தண்டு நீருக்கு மேலே எழும்பும். மணல் தட்டும் நொடியில் அதனைத் தூக்கத் தெரிந்தவனே எம் ஊரில் நல்ல படகோட்டி.

இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். கியர் இல்லாவிடில் விசிறியும் அதே 3000 சுற்றுத்தான் சுற்றும். அவ்வளவு வேகத்தில் சுற்றுவது சிறியதாகத்தான் இருக்க முடியும். 10 குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 8 அங்குல விட்டம். சிறு விசிறி கடுவேகத்தில் சுற்றும்போது படகை உந்துவதைக் காட்டிலும் மோர் கடைவதைப்போல நீரைக் கலக்குவதிலேயே பெரும்பகுதி ஆற்றல் கழிந்துவிடும். இடையில் ஒரு கியர் பெட்டி வைத்து, இயந்திரம் இருமுறை சுற்ற விசிறி ஒருமுறை சுற்றும்படி செய்தால் 12 அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட விசிறியைப் பூட்டலாம். மூன்றுக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 16 அங்குலம். பெரிய விசிறி, மெதுவான சுழற்சி, மிகுதியான நீரை மென்மையாகப் பின்தள்ளுதல் என்பதே டீசலை மிச்சப்படுத்தும் வழி. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டத்தில் பணியாற்றிய ஓய்வின்ட் குல்பிரான்சன் எனும் படகு வடிவமைப்பாளர், சிறு மீன்பிடி படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-இல் ஒரு கையேடு எழுதினார். அதை நாம் பென்சிலால் கோடிட்டுப் படித்திருந்தோம்.

இங்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தாயும் மகனும் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் மற்றொரு குடும்பம் இதே கேள்வியுடன் வந்தது. அப்போது நாம் இப்பங்கிற்குப் புதியவர். நூலறிவு நம்மிடம் நிரம்ப இருந்தது. கோவில் அறிவிப்புத் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டு, மூன்றுக்கு ஒன்று கியர், 16 அங்குல விசிறி என்று எழுதிக் கொடுத்தோம். ஞாயிறு மறையுரையில்கூட விரயத்தைப் பற்றிப் பேசும்போது அதனை எடுத்துக்காட்டாகச் சொல்லி மகிழ்ந்தோம். ஆழ்கடலில் அந்தப் படகு அருமையாகத்தான் ஓடியது. டீசல் குறைந்தது. நம் புகழ் அடுத்த குப்பம் வரை போயிற்று.

ஐப்பசியில் கடல் பொங்கியது. கரையேறும் வேளையில், மணல் திட்டின்மேல் நீர் குறைவாக இருந்த இடத்தில், அந்தப் பெரிய விசிறியின் பாதி வெளியே தெரிந்தது. நீரைப் பற்றாமல் காற்றை அறைந்தது. சுழற்சி மூன்றில் ஒன்றாகக் குறையும்போது தண்டின் முறுக்குவிசை மூன்று மடங்காகும் என்பதைக் கணக்கில் பெருமையோடு எழுதியிருந்தோம். அம்முறுக்கு படகோட்டியின் கைப்பிடியையும் பக்கவாட்டில் பிடித்து இழுக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. கியர் பெட்டியும் பெரிய விசிறியும் சேர்ந்து வாலைக் கனக்கச் செய்திருந்தன. அவரால் நேரத்திற்குத் தூக்க இயலவில்லை. படகு அலைக்கு முதுகு காட்டாமல் விலாவைக் காட்டிற்று. அடுத்த அலை அதைப் புரட்டியது. நால்வரில் மூவர் நீந்தி வந்தனர். நான்காமவரின் கால் படகின் விளிம்புக்கும் மணலுக்கும் இடையே அகப்பட்டது.

செங்கற்பட்டு மருத்துவமனையில் அவர் படுக்கையருகே நாம் நின்றபோது, "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க சாமி" என்றார். வைதிருந்தால் தாங்கியிருப்போம். அவர் கால் கூடியது. ஆனால் ஓர் அங்குலம் குட்டையாயிற்று. அதன்பின் அவர் கடலுக்குப் போகவில்லை. கரையில் வலை முடைகிறார்.

கையேட்டின்மீது குற்றமில்லை. அதே வங்காள விரிகுடாத் திட்டத்தார்தாம் அலைக்கரையில் ஏறியிறங்கும் படகுகளை வடிவமைத்து, மணல் தட்டும்போது தண்டும் விசிறியும் மேலெழும்படி தனி அமைப்பு ஒன்றையும் செய்தவர்கள். நாம் கணக்கு இருந்த பக்கங்களை மட்டும் படித்தோம். இத்தவற்றைச் செய்தவர் நாம் ஒருவர் மட்டுமல்லர் என்பதில் சிறு ஆறுதல் உண்டு. 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வேத் திட்டம் தொடங்கியபோது, வல்லுநர்கள் முதலில் நாட்டுப் படகுகளிலேயே இயந்திரத்தைப் பொருத்திப் பார்த்தனர். அது சரிவரவில்லை, பிறகே புதிய படகுகளை வரைந்தனர். குமரிக் கரையில் மீனவரோடு சேர்ந்து படகுகளை உருவாக்க உழைத்த பியேர் கில்லே, அந்த அனுபவத்தை 1985-இல் நூலாக்கியபோது, சிறியது கடினமானது என்று பொருள்படத் தலைப்பிட்டார். சிறியது அழகானது என்ற முழக்கம் உலகெங்கும் பரவியிருந்த காலம் அது. அந்தத் தலைப்பின் நகைச்சுவை நமக்கு மருத்துவமனை வராந்தாவில்தான் விளங்கிற்று.

பூந்தமல்லிக் குருமடத்தில் நாம் பயின்ற நாட்களில், புனித தாமஸ் அக்குவினாசின் விவேகம் பற்றிய பகுதி தேர்வுக்கு வந்தது. பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவை விவேகத்தின் ஓர் உறுப்பாகவே அவர் எண்ணுகிறார். செயல்கள் எண்ணற்ற தனி நிகழ்வுகளைச் சார்ந்தவை; அவற்றை எல்லாம் ஒருவரே அறிய இயலாது; ஆகவே அனுபவமுள்ள முதியோரின் துணை வேண்டும் என்பது அவர் வாதம். அவ்வினாவுக்கு நல்ல மதிப்பெண் பெற்றோம்.

எனவே இம்முறை நாம் தாளை எடுக்கவில்லை. "உன் படகில் யார் யார் ஏறுகிறார்கள், தம்பி?" என்று கேட்டோம்.

'பங்கு' என்னும் சொல்லுக்கு எம் ஊரில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று, ஆலயத்தைச் சேர்ந்த இறைமக்கள் கூட்டம். மற்றொன்று, மீன் விற்ற பணத்தில் ஒவ்வொருவருக்கும் சேரும் பாகம். டீசல் செலவை முதலில் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பிரிப்பர். படகுக்கும் வலைக்கும் இயந்திரத்திற்கும் ஒரு பாகம், ஏறிய ஆட்களுக்கு மீதி. இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பவர் உரிமையாளர். ஆனால் அது குடிக்கும் டீசல், கூலிக்கு ஏறுகிறவனின் வீட்டு அரிசியிலிருந்தும் போகிறது. அலையில் அவன் உயிரும் அதை நம்பித்தான் இருக்கிறது. அவனை எவரும் கேட்பதில்லை. நாமும் முன்பு கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு மாலை திண்ணையில் ஆறு பேர் கூடினர். தாய், மகன், படகில் ஏறும் இருவர், எழுபதைத் தாண்டிய முன்னாள் படகோட்டி ஒருவர், பிறகு நாம் ஆள் அனுப்பி அழைத்த அந்தக் கால் ஊனமுற்ற மனிதர். அவரை அழைக்க நமக்குத் துணிவு வர இரண்டு நாள் ஆயிற்று.

20 குதிரைத்திறனைப் பற்றித்தான் முதல் வாக்குவாதம். மகன் தன் பக்கத்தை நன்றாகவே எடுத்துரைத்தான். முதலில் கரைசேரும் படகின் மீனுக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. மழை கருக்கொள்ளும்போது ஓடி வரவும் வேகம் வேண்டும். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் வலையும் பனிக்கட்டியும் ஆட்களுமாக நீரில் அமிழ்ந்து செல்லும் 28 அடிப் படகு, ஏறத்தாழ 7 கடல்மைல் வேகத்தை எட்டியதும் தான் எழுப்பும் அலையையே மலைபோல் ஏறத் தொடங்குகிறது. அதற்குமேல் இரட்டிப்பு இயந்திரம் இரட்டிப்பு வேகத்தைத் தராது. கால்பங்கு கூடினாலே அதிகம். டீசலோ இரட்டிப்பாகும். மாறாக, 10 குதிரைத்திறன் இயந்திரத்தை 3000-லிருந்து 2400 சுற்றுக்குக் குறைத்து ஓட்டினால், விசிறி கேட்கும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மணிக்கு இரண்டரை லிட்டர் குடித்தது ஒன்றேகால் லிட்டர் குடிக்கும். ஒரு மணி நேரப் பயணம் ஒன்றேகால் மணி ஆகும் என்று வைத்தாலும், அதே தொலைவுக்கு ஒரு லிட்டர் அளவில் மிச்சம். மீதி ஆற்றல் அலையை உடைக்கும் வேளைக்குக் கையிருப்பாக நிற்கும். கூலிக்கு ஏறும் இருவரும் இதைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

பிறகு கியர். மூன்றுக்கு ஒன்று என்ற பேச்சை எவரும் எடுக்கவில்லை. நம் முகத்துக்காகத்தான் போலும். நேரடித் தண்டே போதும் என்றார் ஒருவர். எடை குறைவு, பழுதாக ஏதுமில்லை. முதியவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "வாங்க சாமி, தண்ணியக் கேப்போம்" என்றார்.

அங்குலம் குறித்த மூங்கில் கழியுடன் எல்லாரும் கரைக்குப் போனோம். தெற்கே மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் அந்தி வெயிலில் தெரிந்தது. மணல் திட்டின்மேல் அலை வடியும் நொடியில் எஞ்சும் நீரின் ஆழத்தை இளைஞர்கள் பல இடங்களில் அளந்தனர். கால் குட்டையானவர் கரையிலிருந்து, "அங்க இல்ல, இன்னும் வடக்கால, நாங்க கவுந்த எடத்துல வையி" என்று கத்தினார். அந்த இடத்தில் கழியை நட்டுப் பார்த்து, 12 அங்குல விசிறி முழுதாக மூழ்கி நிற்கும், 16 நிற்காது என்று முதியவர் விரலால் காட்டினார். இரண்டுக்கு ஒன்று என்று அங்கேயே முடிவாயிற்று. கியர் பெட்டியால் கூடும் எடையை ஒரு கையால் தூக்க முடிகிறதா என்று கரையில் வைத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்தத் தாய் விதித்தார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஆனி மாதத்தில் இயந்திரம் வந்தது. விசிறியின் இதழ்ச் சாய்வில்தான் சிறு தொல்லை. ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற அளவைப் 'பிட்ச்' என்பர். முதலில் பூட்டியது 10 அங்குலம். ஆட்களையும் வலையையும் ஏற்றி முழு விசையில் ஓட்டியபோது இயந்திரம் 2700 சுற்றுக்குமேல் ஏறவில்லை, கரும்புகை கக்கியது. சுமை மிகுதி என்பதற்கு அதுவே அடையாளம். அப்படியே ஓட்டினால் இயந்திரம் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். 9 அங்குலத்திற்கு மாற்றியதும் 3000-ஐத் தொட்டது, புகை தெளிந்தது. மகனுக்கு இன்னும் அந்த 20 மனத்தில்தான் இருக்கிறது. ஏலத்திற்குப் பிந்திய நாட்களில் நம்மைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

கோவளத்துக் கார்மேல் அன்னையின் திருவிழாவுக்கு முன் படகை மந்திரிக்க அழைத்தனர். கால் குட்டையானவரும் வந்திருந்தார். செபத்தை முடித்து நாம் தீர்த்தச் செம்பை எடுத்தபோது, அவர் நொண்டிக்கொண்டே முன்வந்து இயந்திரத்தின் காற்றுக்குழாயைத் தம் இரு உள்ளங்கைகளாலும் மூடினார்.

"இந்தப் பக்கம் கொஞ்சமாத் தெளிங்க சாமி" என்றார்.