ஈயம் ஒட்டாத கம்பி

கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட் போடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கடையில் விற்கும் கம்பெனி ஆம்பிளிஃபையர் எதையும் நம்பாத மனிதர். “நம்ம மாஸ்டர் கட்டிக் கொடுத்தாத்தான் விடிய விடியத் தாங்கும்” என்பார். யார் அந்த மாஸ்டர் என்று நச்சரித்ததில் ஒருநாள் அழைத்துப் போனார். அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பி, மொபைல் உதிரிபாகக் கடைகளையும் சிசிடிவி கேமரா விற்கிறவர்களையும் தாண்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு சந்து. குறுகலான மாடிப்படி. பாதிப் படி ஏறும்போதே பிசின் புகையும் வாசம் வந்துவிட்டது.

மாஸ்டருக்கு அறுபது தாண்டியிருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் இரண்டு சால்டரிங் அயர்ன். ஒன்று 25 வாட், போர்டு வேலைக்கு. இன்னொன்று 60 வாட், டிரான்ஸ்பார்மர் கம்பிக்கும் எர்த்துக்கும். சின்னதால் தடித்த கம்பியைச் சூடாக்க முடியாது. பெரியதைப் போர்டில் வைத்தால் செம்புப் பட்டை உரிந்து வந்துவிடும்.

போர்டு தயாரிக்கும் வேலையை நான் பார்க்கவில்லை, அவர் ரெடிமேடாகத்தான் வாங்குகிறார். பயாஸ் செட் பண்ணுகிறேன் என்று மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு குட்டித் திருகைத் திருகியதும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவர் ஈயம் வைப்பதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அயர்ன் முனையை ஈரப் பஞ்சில் ஒரு இழுப்பு. ரெசிஸ்டர் காலும் செம்பு வட்டமும் சேரும் இடத்தில் முனையை வைக்கிறார். ஈயக் கம்பியை அயர்னில் தொடுவதில்லை, எதிர்ப்பக்கமிருந்து காலில் தொடுகிறார். கால் சூடேறியிருந்தால் ஈயம் தானாக உருகிக் காலைச் சுற்றி ஓடி, மேலே ஒடுங்கிக் கீழே விரிந்து பளபளக்கிறது. எல்லாம் இரண்டு மூன்று விநாடி. ஈயம் இறுகும்வரை கை அசையக் கூடாது. அசைந்தாலோ சூடு போதாவிட்டாலோ மங்கலாக, உருண்டையாக நிற்கும். அதுதான் ட்ரை சால்டர். அன்றைக்குப் பாடும், ஆறு மாதம் கழித்து வால்யூம் ஏற்றும்போது கரகரக்கும்.

அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு காரீயமும் கலந்த கம்பி அது. 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். கம்பியின் நடுவிலேயே பைன் மரப் பிசின் இருக்கிறது. உலோகத்தின் மேல் படிந்த அழுக்கை அது எடுத்துவிடுவதால்தான் ஈயம் பிடிக்கிறது. புகை அந்தப் பிசினுடையது. காரீயம் இந்தச் சூட்டில் ஆவியாகாது. அதற்காகப் புகை நல்லது என்று அர்த்தமில்லை, வருடக்கணக்கில் இழுத்தால் மூச்சு வாங்கும். காரீயம் உள்ளே போவது கைவழியாக. டீ வந்ததும் மாஸ்டர் முதலில் சோப்பு போட்டுக் கை கழுவினார். யாராவது சொல்லிக்கொடுத்ததா என்றேன். “சொல்லிக்கொடுக்க ஆளிருந்தா நான் ஏன் சார் பன்னெண்டு வயசுல குழாய் தூக்கப் போறேன்?”

குழாய் என்றால் ஒலிபெருக்கிக் குழாய். வந்தவாசிப் பக்கத்து மைக்செட்காரர் ஒருவரிடம் அதை மரத்தில் கட்டும் பையனாகச் சேர்ந்திருக்கிறார். முதலாளி தூங்கும்போது கெட்டுப்போன செட்டைப் பிரித்துப் பார்த்துப் பழகிய தொழில். டேப் ரெக்கார்டர் காலத்தில் சென்னைக்கு வந்து தனியார் பஸ்களுக்கு எல்ஏ 4440 ஐசி போட்டு செட் கட்டினார். “பாட்டு போடாத பஸ்ல ஜனம் ஏறாது சார். தீபாவளிக்குத் தூக்கமே கிடையாது.” பிறகு டிவிடி வந்து 5.1 வந்தது, ஒரு வீட்டுக்கு ஆறு சேனல். பிறகு ப்ளூடூத் ஸ்பீக்கரும் சவுண்ட்பாரும் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டன. இப்போது வருகிறவர்கள் மைக்செட்காரர்களும் இளையராஜா பைத்தியங்களும்தான்.

பேசிக்கொண்டே ஒரு செட்டுக்கு கரண்ட் கொடுத்தார், நேராக அல்ல, 100 வாட் குண்டு பல்பு வழியாக. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் கண்டென்சர் சார்ஜ் ஆகிவிட்டது, செட் நலம். எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மங்கியது. ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல். “இது எர்த் ஹம், அம்பது சைக்கிள். கண்டென்சர் வீக்கா இருந்தா நூறுல வரும், கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும்.” எனக்கு இரண்டும் ஒன்றுதான். எர்த் கம்பிகளையெல்லாம் பிடுங்கி, இரண்டு பெரிய கண்டென்சர்களுக்கும் நடுவே ஒரே புள்ளியில் சேர்த்து 60 வாட் அயர்னால் ஈயம் வைத்தார். இரைச்சல் நின்றது.

அடுத்து அவர் எடுத்தது எரிந்துபோன ஒரு டிரான்ஸ்பார்மர். 24-0-24, 5 ஆம்பியர் என்று லேபிள். செம்புக் கம்பி என்று சொல்லி விற்றது. வெளியே நீட்டியிருக்கும் முனைகள் செம்புதான். மேலே சுற்றிய டேப்பைக் கிழித்து, உள்ளே இருந்த கம்பியின் எனாமலைக் கத்தியால் சுரண்டினார். வெள்ளையாகத் தெரிந்தது. அயர்னை வைத்து ஈயம் கொடுத்தார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் எண்ணெய்ப் பிசுக்கு போகாத அண்டாவில் தேய்த்ததுபோல, ஈயம் மணிமணியாக உருண்டு மேசையில் விழுந்தது. அலுமினியம். காற்றுப் பட்டவுடனே அதன்மேல் ஆக்ஸைடு படிந்துவிடுவதால் சாதாரண ஈயம் அதில் ஒட்டாது. அதே தடிமனில் செம்பு கடத்துவதில் அறுபது சதவீதம்தான் அது கடத்தும். அதனால் சூடும் அதிகம்.

விற்ற வியாபாரிக்கு இது தெரியாதா? செம்பு முனையை வைத்து டேப்பால் மூடத் தெரிந்தவருக்குக் கட்டாயம் தெரியும். எரிந்ததும் மைக்செட்காரர் போய் நிற்பது அந்த வியாபாரி கடையில் அல்ல, இந்த மாடிப்படியில். புது டிரான்ஸ்பார்மர் மாஸ்டர் கைக்காசு, திரும்பக் கட்டும் கூலி பூஜ்யம். டிரான்சிஸ்டரிலும் இதே கதை. 5200, 1943 என்று அச்சடித்தவற்றில் அசலையும் போலியையும் உடைத்துக் காட்டினார். அசலில் சிலிக்கான் சில்லு பார்த்ததும் தெரியும் அளவுக்கு இருந்தது. போலியில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஐம்பது வருஷமாக ஈயத்தோடு பழகுகிறவர் விலையைப் பற்றி வாய் திறக்க முடியாது, அவருக்குப் பாகம் விற்பதும் அவர் கட்டும் செட்டை வாங்குவதும் ஒரே கடை, இரண்டுக்கும் விலை வைப்பது அதுதான்.

அந்தக் கடைக்கான செட்டைத்தான் அன்று சாயங்காலம் மூடினார். அதிலும் அதே 24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர்தான். 24 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகும்போது 34 வோல்ட். எட்டு ஓம் ஸ்பீக்கரில் அது கணக்குப்படி ஒரு சேனலுக்கு 72 வாட், நிஜத்தில் ஐம்பது அறுபது வந்தால் பெரிது. டிரான்ஸ்பார்மரே மொத்தம் 240 வோல்ட் ஆம்பியர்தான். முன்பக்கத்தைத் துணியால் துடைத்து ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். 5000 வாட்ஸ் என்று இருந்தது.

“என்ன மாஸ்டர் இது?”

“இது இல்லாட்டி எடுத்துக்க மாட்டாங்க சார். ஸ்டிக்கர் காசையும் என் கூலியிலதான் பிடிப்பாங்க.”