கோடிங் கற்கக் கால் வேலி நிலம் வேண்டுமா?

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலையைத்தான் சொல்கிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதையே சொன்னார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஜனநாயகத்தைச் சொல்லும் அந்தக் கல் தகுதிகளையும் சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். சபை, பிராமணர்களின் சதுர்வேதிமங்கலச் சபை. நம் பாட்டன் பூட்டன் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்க வாய்ப்பில்லை.

கோட் எடிட்டரைப் பற்றி எழுத வந்து கல்வெட்டைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. வெப் அப்ளிகேஷன் செய்யக் கற்கலாம் என்று யூடியூபைத் திறந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு தகுதிப் பட்டியல் வருகிறது. 16 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி., நிற்காத இணையம், தடுமாறாத ஆங்கிலம். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனால் நம் பிள்ளைகளை வாசலில் நிறுத்துவதில் சட்டத்தைவிட நன்றாகவே வேலை செய்கிறது. "அக்கா, நம்ம லேப்டாப்புக்கு இதெல்லாம் வராது போலிருக்கே" என்று பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி சொன்னாள். அவள் குறைத்துப் பேசியது லேப்டாப்பை மட்டுமல்ல, தன்னையும் சேர்த்துத்தான்.

நாங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில் காலனிப் பிள்ளைகளோடு மாலைநேரப் படிப்பகம் நடத்தும் சிலர். செய்ய நினைத்த அப்ளிகேஷன் சிறியதுதான்: வன்கொடுமை வழக்குகளுக்கு ஒரு பதிவேடு. புகார் கொடுத்த நாள், எஃப்.ஐ.ஆர். போட்ட நாள், நிவாரணத் தொகை வந்த நாள், குற்றப்பத்திரிகை தாக்கலான நாள். விசாரணையும் சேர்த்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகள் சொல்கின்றன. 60ஆவது நாள் தாண்டினால் அந்த வழக்கு திரையில் சிவப்பாக மாற வேண்டும். ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிக்கும் கணக்கு, அவ்வளவே. எச்.டி.எம்.எல்., கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், பின்னால் பைதான், ஒரு எஸ்.க்யூ.லைட் கோப்பு. இவை எல்லாமே வெறும் எழுத்துதான், நோட்பேடில்கூட எழுதலாம். எடிட்டர் என்பது அந்த எழுத்துக்கு வண்ணம் காட்டி, வரிகளை ஒழுங்காக உள்தள்ளி, மூடாத அடைப்புக்குறியைச் சுட்டிக்காட்டும் துணை.

எந்த எடிட்டர் என்று முடிவெடுக்க மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டோம்.

முதல் கேள்வி: கையில் இருக்கும் மிஷினில் ஓடுமா? 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவைதான் எங்களிடம் அதிகம். அண்ணனுக்குக் கிடைத்தது, தங்கை கைக்கு வந்து, இப்போது படிப்பகத்துக்கு வந்திருக்கிறது. ரேம் 2 ஜிபி. உலகம் முழுக்கப் பெரும்பாலானோர் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்டின் வி.எஸ். கோட், 2015இல் வந்தது. 2024 ஸ்டேக் ஓவர்ஃப்ளோ கணக்கெடுப்பில் பங்கேற்ற மென்பொருளாளர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அதைத்தான் சொன்னார்கள். நல்ல கருவிதான். ஆனால் அதன் அடியில் ஒரு முழு பிரௌசரே ஓடுகிறது. பக்கத்தைச் சோதித்துப் பார்க்க இன்னொரு பிரௌசரையும் திறந்தால் 2 ஜிபி மிஷின் மூச்சுவிடத் திணறுகிறது. புதிய பதிப்புகள் விண்டோஸ் 7இல் ஓடுவதும் இல்லை. ஜீனி என்ற சிறிய எடிட்டர் அதே மிஷினில், லினக்ஸில், பட்டென்று திறக்கிறது. லினக்ஸ் எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. அரசு கொடுத்த லேப்டாப்புகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எங்கள் பக்கம் அதைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. லேப்டாப்பே இல்லாத பிள்ளைகள் ஆண்ட்ராய்டு போனில் ஏகோட் என்ற எடிட்டரில் எழுதுகிறார்கள். விரல் வலிக்கும், ஆனால் எழுத முடியும்.

இரண்டாவது கேள்வி: தமிழ் ஒழுங்காகத் தெரியுமா? பதிவேட்டைத் திறக்கப்போவது ஊரில் இருக்கும் அக்காக்களும் பெரியவர்களும். பட்டன் முதல் எச்சரிக்கை வரை எல்லாம் தமிழில் இருந்தாக வேண்டும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற எண்ணத்தில் பிறந்தவை கோட் எடிட்டர்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. 'கொ' என்ற எழுத்துக்குக் கணினி முதலில் ககரத்தைச் சேமிக்கிறது, பிறகு உயிர்க்குறியை; திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். கருப்புத் திரை டெர்மினலில் விம் போன்ற எடிட்டர்களைத் திறந்தால் உயிர்மெய்கள் உடைந்து, கர்சர் ஓர் இடத்திலும் எழுத்து வேறு இடத்திலுமாக நிற்பது வாடிக்கை. தன் மொழி உடைந்து தெரியும் கருவியில் முதல் பாடம் கற்கும் பிள்ளை, உடைந்திருப்பது தன் மொழிதான் என்று நினைத்துவிடும். வி.எஸ். கோட், ஜீனி இரண்டும் இதில் தேறின.

மூன்றாவது கேள்விதான் எங்களுக்கு முக்கியம்: பெயர்கள் வெளியே போகுமா? சாட்சி சொல்ல முன்வருபவர் அதே ஊரில்தான் ஆதிக்க சாதியினர் நிலத்தில் வேலைக்குப் போக வேண்டும், அதே கடையில்தான் அரிசி வாங்க வேண்டும். 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் தீர்ப்பில் மறைக்கவே நீதிமன்றத்துக்கு வழி செய்திருக்கிறது. நீதிமன்றம் மறைக்கும் பெயரை நம் எடிட்டர் வெளியே அனுப்பலாமா? இன்று பல எடிட்டர்களில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இருக்கிறது. அடுத்த வரியைப் பரிந்துரைக்க, திறந்திருக்கும் கோப்பின் பகுதிகளை அது எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. வி.எஸ். கோட் தன் பயன்பாட்டுத் தகவலையும் அனுப்பும்; செட்டிங்கில் போய் நாம்தான் நிறுத்த வேண்டும். அதன் மூலநிரல் எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்தே இருப்பதால், அந்த அனுப்பும் வேலையை முடக்கி வி.எஸ். கோடியம் என்ற பெயரில் தன்னார்வலர்கள் தருகிறார்கள். 4 ஜிபிக்கு மேல் ரேம் உள்ளவர்களுக்கு அதைப் போட்டுக்கொடுத்தோம். எந்த எடிட்டராக இருந்தாலும் ஒரு விதி: உண்மைப் பெயர் உள்ள கோப்பை அதில் திறப்பதில்லை. சோதனைக்கு "அ", "ஆ", "ஊர் 1", "ஊர் 2" போதும்.

"இண்டர்வியூவில் வி.எஸ். கோட் தெரியுமா என்று கேட்பார்களே?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேலை நமக்கு வேண்டும்; அதை விட்டுக்கொடுத்துவிட்டுக் கொள்கை பேச நம்மால் முடியாது. கோடியமும் கோடும் முகத்தில் ஒன்றுதான், ஒன்றைப் பழகினால் மற்றது கைவரும். அதோடு இதையும் சொல்கிறோம்: எடிட்டர்கள் வரும், போகும். அடோபி பிராக்கெட்ஸை 2021இல் கைவிட்டது. கிட்ஹப் உருவாக்கிய ஆட்டம் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. 1991இல் வந்த விம் இன்னும் இருக்கிறது. நிறுவனத்தின் லாபக் கணக்கில் நிற்கும் கருவிக்கும், பயன்படுத்துபவர்களே காத்து நிற்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் இது.

கருவி யார் கையில் என்பது நமக்குப் புதிய கேள்வி அல்ல. இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எழுதும் இடத்தை அவரே உருவாக்கினார். நம் காலத்திலும் வழி காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெங்களூருவில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். நம் பக்கத்திலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியில் கூடிப் பேசுகிறது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே எழுதுகிறது. சந்தேகம் கேட்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தகுதிப் பட்டியலை எழுதுபவர்கள் அதை எப்போதும் தரம் என்றும் திறமை என்றும்தான் சொல்வார்கள். படிப்பகம் நடத்தும் தோழர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். கருவியை முடிவு செய்யும் முன், உங்கள் அறையில் இருப்பதிலேயே பழைய மிஷினில் அதைத் திறந்து பாருங்கள். அது திறந்தால், அந்த மிஷினுக்கு முன்னால் இருக்கும் பிள்ளையும் உள்ளே வந்துவிடும்.

ஜெய்பீம்.