பந்தும் கிண்ணமும்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். என் பெரியம்மாவுக்கு வயது 74. வலக்கையை மார்புக்கு மேல் தூக்க அவரால் இயலவில்லை. அண்டை வீட்டுப் பெண் வந்து தலை வாரிவிடுவாள். பிறர் உதவியை எதிர்பார்த்து அறியாத அவருக்கு, வலியைவிட அதுவே பெருந்துன்பமாக இருந்தது.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். தோளைச் சூழ்ந்த தசைநாண்கள் கிழிந்துவிட்டன, மூட்டும் தேய்ந்துவிட்டது, தலைகீழ் மூட்டு வைக்கலாம் என்றார்.

"ஏண்டா, நீ இயந்திரப் படிப்புத்தானே படிக்கிறாய்? அது என்னடா தலைகீழ்?" என்று பெரியம்மா கேட்டார். மூன்றாண்டு பொறியியல் படித்த எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. விடுதிக்குத் திரும்பியதும் நூலகத்திற்குச் சென்று தேடிப் படித்தேன்.

இயற்கைத் தோளில் மேற்கை எலும்பின் தலை பந்து. தோள்பட்டை எலும்பின் குழி கிண்ணம். பந்து பெரிது, கிண்ணமோ ஆழமற்றது. பந்து நழுவாமல் இழுத்துப் பிடிப்பவை நான்கு தசைகள். அவற்றின் நாண்கள் கிழிந்தால், கையைத் தூக்க வேண்டிய டெல்டாயிட் தசை பந்தைத்தான் மேலே இழுக்கிறது. கை எழுவதில்லை.

பந்தைத் தோள்பட்டையிலும் கிண்ணத்தைக் கையிலும் வைத்தால் என்ன? 1970களிலேயே சிலர் செய்து பார்த்தனர். ஆனால் அவர்கள் அமைத்த சுழற்சி மையம் எலும்பைவிட்டு வெளியே விலகி நின்றது. கை அசையுந்தோறும் பந்தின் அடிப்பகுதியை அது நெம்பியது, பிடிப்புத் தளர்ந்தது.

பிரான்சு நாட்டின் டிஜோன் நகரத்து அறுவை மருத்துவர் பால் கிராமோன் 1985இல் வேறு வழி கண்டார். 1991இல் வந்த அவருடைய வடிவில் பந்து கழுத்தில்லாத அரைக்கோளம். ஆதலால் சுழற்சி மையம் எலும்பின் முகத்திலேயே அமைந்தது. நெம்பும் விசை குறைந்தது. மையம் உள்ளேயும் கீழேயும் நகர்ந்ததால் டெல்டாயிட் தசைக்கு நீண்ட நெம்புகோல் கிடைத்தது. கையைத் தூக்க அந்த ஒரு தசையே போதும் என்றாயிற்று.

குறையும் உண்டு. அவர் வகுத்த 155 பாகைச் சாய்வில், கையை இறக்கும்போது கிண்ணத்தின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் கீழ்ப்புறத்தை உரசித் தேய்த்தது. பின்வந்தோர் சிலர் சாய்வை 135 பாகையாகக் குறைத்தனர். பந்தைச் சற்று வெளியே தள்ளினர். வெளியே தள்ளத் தள்ளப் பழைய நெம்புவிசை மீண்டும் தலைகாட்டும். எல்லாம் மில்லிமீட்டர்க் கணக்கு!

பூசை விடுமுறையில் எலுமிச்சம்பழத்தையும் குழிக்கரண்டியையும் வைத்துப் பெரியம்மாவுக்கு இதை விளக்கினேன்.

"கொண்டை போடலாமா?" என்றார்.

"கை தலைக்கு எட்டும் என்கிறார்கள், பெரியம்மா. முதுகுப்புறம் எட்டுவதுதான் உறுதியில்லை" என்றேன்.

"தலைக்கு எட்டினால் போதும். முதுகு அரித்தால் நீ வந்து சொறி!"

அறுவை நடந்தது. மாதக்கணக்கில் பயிற்சியும் நடந்தது. இந்தக் கோடையில் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, பெரியம்மா கண்ணாடி முன் நின்று தாமே தலை வாரிக்கொண்டிருந்தார். கொண்டை சற்றுக் கோணலாகத்தான் இருந்தது. அண்டை வீட்டுப் பெண் திருத்த வந்தாள். அவர் விடவில்லை.

இயற்கையைப் படியெடுப்பதே நல்ல வடிவமைப்பு என்று எண்ணியிருந்தேன். இழந்தது போக எஞ்சியிருப்பது எது, அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்பதும் பொறியியலே என்பதை அந்தக் கோணல் கொண்டை எனக்குக் கற்பித்தது.