லீவு லெட்டரில் மஞ்சள் காமாலை

எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கல்யாணமாகி வந்த நாள் முதல், வீட்டில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் பேனா என் கைக்குத்தான் வரும். அந்தக் கையெழுத்தாலேயே என் நாத்தனாரின் வேலையைப் போக்கடிக்க இருந்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று சகோதரிகளாகிய உங்களிடம் சொல்லி விடுகிறேன்.

எங்கள் ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கம். நாத்தனார் நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பரீட்சை எழுதி, சொந்த முயற்சியில் வாங்கிய வேலை. 2021-ல் இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தை பிறந்து பத்து நாள் வரை ஒரு குறையுமில்லை. அதன் பிறகு மூன்று ராத்திரி கண்ணே மூடவில்லை. நாலாம் நாள் தொட்டிலைப் பார்த்துக்கொண்டே, "மைனி, இது எம் பிள்ளை இல்ல. யாரோ மாத்திட்டாவ" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

"பச்சை உடம்புல காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று மாமியார் திருநீறு போட்டார்கள். தாயத்துக் கட்டினோம். பத்து நாள் வீணாகப் போனது. அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். "ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் இரண்டு பேருக்கு இப்படி வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே ஆரம்பிக்கும். இது காத்துமில்லை கருப்புமில்லை, நோய். உடனே பார்த்தால் நன்றாகக் குணமாகும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது" என்றார்.

குணமும் ஆயிற்று. பிள்ளைக்குத் தானே குளிப்பாட்டிப் பால் கொடுத்தாள். பிரசவ விடுப்பு முடிந்து 2022-ல் வேலைக்கும் போனாள்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை உண்டு. "ஆபீஸ்ல நாலு பேரு பாத்தா என்ன மாத்திரைன்னு கேக்க மாட்டாவளா?" என்று மாமியாருக்குக் கவலை. எனக்கும்தான். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நாங்களே பேசி முடிவு செய்து நிறுத்திவிட்டோம். டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. இரண்டே மாதம்! தூக்கம் போயிற்று. ஓயாத பேச்சு. அலுவலகத்தில் மேலதிகாரியோடு சத்தம் போட்டிருக்கிறாள். ஒருநாள் மத்தியானம் பையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டாள். சாயங்காலம் கன்னியாகுமரி கடற்கரையில் கண்டுபிடித்தோம்.

நாற்பது நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியவில்லை. லீவு லெட்டர் எழுதியது நான். என்ன காரணம் எழுத? "காமாலைன்னு போடு மக்களே. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ" என்றார் மாமனார். மஞ்சள் காமாலை என்று முத்து முத்தாக எழுதினேன். டாக்டர் சர்டிபிகேட் எங்கே என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். எங்களிடம் ஏது? கடைசியில் 17(ஆ) குறிப்பாணை வந்தது. அனுமதியின்றி வராமல் இருந்தது, மேலதிகாரியை அவமதித்தது, பொய்க் காரணம் சொன்னது என்று மூன்று குற்றச்சாட்டு. அரசு வேலையில் இருப்பவர்களுக்கு அதன் பயம் தெரியும். வேலையே போகலாம்.

"அவங்க அனுப்பும் முன்னால நாமளே ராஜினாமா எழுதிக் கொடுத்தா மானமாவது மிஞ்சும்" என்று வீட்டில் முடிவாயிற்று. அந்த லெட்டரையும் நான்தான் எழுதினேன். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அப்போது என் மனசில் ஓடியது நாத்தனாரின் நன்மை இல்லை. விசாரணை என்று வந்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். நாளைக்கு என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டுமே என்ற எண்ணம்தான்.

மறுபடி மாத்திரை ஆரம்பித்து அவள் தெளிந்திருந்த நேரம் அது. லெட்டரை வாங்கி மெதுவாகப் படித்தாள். "மைனி, நீங்க காமாலைன்னு எழுதினீங்க. அவங்க அகராதின்னு எழுதியிருக்காங்க. எனக்கு உள்ளபடி என்ன சீக்குன்னு இதுவரை யாராவது எழுதினீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அவளோடு டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சர்டிபிகேட் தந்தார். தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். அந்த வக்கீல் சொன்னதையெல்லாம் கேட்டபோது, இது தெரியாமலா இருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் மனநோயும் சேர்ந்திருக்கிறது. அரசு வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு அப்படி ஒரு குறை வந்தால், அதற்காக வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. பழைய வேலை பார்க்க முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். 1995-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு உண்டாம். குஜராத்தில் மனநோயால் வேலைக்கு வர முடியாமல் போய் நீக்கப்பட்ட ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் வழக்கில், 2013-ல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

எங்களுக்கு அதைவிட நெருக்கமான வழக்கு, மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரியாக இருந்த ரவீந்தர் குமார் தாரிவாலுடையது. அவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர். அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. மனநோய் உள்ளவருக்கு அலுவலக விதிகளை மற்றவர்களைப் போலக் கடைப்பிடிப்பது கடினமாக இருக்கலாம். நடந்ததற்கு நோயும் ஒரு காரணமாக இருக்கும்போது தண்டிக்கப் பார்ப்பது மறைமுகமான பாகுபாடு என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

"ஆனா அம்மா, காமாலைக்கு இந்தச் சட்டம் கிடையாதே!" என்றார் வக்கீல்.

நோய் காகிதத்தில் இருந்தால்தானே சட்டம் துணைக்கு வரும்? நாங்கள் அதை மறைத்து, அவளுக்கு இருந்த ஒரே துணையையும் மறைத்துவிட்டோம். உண்மையை எழுதி, சர்டிபிகேட்டும் சேர்த்துப் பதில் கொடுத்தோம். இந்த முறை எழுதியது அவளேதான். எட்டு மாதம் இழுத்தது. கடைசியில் முதல் இரண்டு குற்றச்சாட்டையும் விட்டுவிட்டார்கள். அதே சம்பளத்தில் ரெக்கார்டு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். பொய்க் காரணம் சொன்னதற்கு மட்டும் ஒரு கண்டனம் கிடைத்தது. அது அவளுடைய பணிப்பதிவேட்டில் இருக்கிறது. என் கையெழுத்துக்குக் கிடைத்த பரிசு அது.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். டீ குடிக்கப் போகும்போது அவளைக் கூப்பிடாதவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முகம் வாடினாலே "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. "கேட்டுட்டுப் போகட்டும் மைனி. போட்டாச்சுன்னு சொல்லுவேன்" என்கிறாள்.

இதற்காக ஆபீஸில் எல்லோரிடமும் போய்ச் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது நோயுற்றவர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். மாமியாரோ மைனியோ அல்ல. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. உடம்பு நோயாளியைப் போலவே மனநோயாளியையும் நடத்த வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் சிகிச்சைச் சீட்டுகளை ஒன்று விடாமல் பத்திரப்படுத்துங்கள். விடுப்புக்குக் காரணம் எழுத வேண்டி வந்தால் பொய் மட்டும் எழுதாதீர்கள்.

நோய் நீண்ட நாள் நீடித்தால் ஊனச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். நாற்பது சதவிகிதத்துக்குக் குறையாமல் பாதிப்பு என்று சான்று கிடைத்தால் அரசு வேலை இட ஒதுக்கீட்டுக்கும் வழியுண்டு. அநியாயம் நடந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற அந்த உறுதியான பாதுகாப்பு அரசு வேலைக்குத்தான். எங்கள் பக்கத்து அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்ணுக்கும், ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற பெண்ணுக்கும் அத்தனை பலமான காவல் இன்னும் வரவில்லை. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2016 சட்டம் சொல்கிறது. முதலாளிகள் வீட்டுச் சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை பெற்ற பெண் இரண்டு ராத்திரி தூங்காமல் ஏதேதோ பேசினால், எங்களைப் போலப் பத்து நாள் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எங்கள் பக்கத்தவர்களுக்கு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மனாஸுக்கு, 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

போன மாதம் நாத்தனாரின் சின்னவளுக்குக் காய்ச்சல். லீவு லெட்டர் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் மைனி, உங்க கையெழுத்து ரொம்ப அழகு!" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி வைக்கப் போனேன்.