குண்டாற்று ஜீப்பும் ரெண்டு சுருள் கம்பியும்

2024 ஜூன் மாசம் நடந்தது இது. எழுதணும்னு நினைச்சு நினைச்சுத் தள்ளிப்போட்டதுக்குக் காரணம் உண்டு. ஜீப்புல போனோம், யானையைப் பார்த்தோம்னு மட்டும் எழுதிட்டா பாதிக்கதைதான் ஆகும். மீதிப்பாதி எனக்குக் கொஞ்சம் வெட்கமான சமாசாரம். இன்னைக்கு ரெண்டையும் சேர்த்தே எழுதிடுதேன்.

எங்க வீடு செங்கோட்டையில. தோட்டம் வடகரைக்கு மேற்கே, மலையடிவாரத்துல. ஒன்றரை ஏக்கர். அனுமன் நதித் தண்ணி, நல்ல செம்மண். அதுல 2021-ல நெட்டைத் தென்னை வெச்சேன். மூணு வருஷக் கன்னு ஒவ்வொண்ணும் என் உயரத்துக்கு மேல நின்னுச்சு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் போனா பாளை விட்டுடும்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். ஜூன் முதல் வாரம் ஒரே ராத்திரியில 23 கன்னு போச்சு. காலையில போய்ப் பார்த்தா, குருத்தை மட்டும் உருவித் தின்னுட்டு மட்டையை அப்படியே பரத்திப் போட்டிருக்கு. சொட்டுநீர்க் குழாய் எல்லாம் மிதிபட்டு நசுங்கிக் கெடக்கு. ஈர மண்ணுல முறம் அகலத்துக்குக் கால்தடம்.

வனத்துறை ஆளுக வந்து பார்த்து எழுதிட்டுப் போனாங்க. மனு கொடுத்தேன். அது ஒரு பக்கம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் வேற யோசனை சொன்னார். "மனு எழுதி யானையை நிறுத்த முடியுமாவே? மோட்டார் ரூம்ல இருந்து ஒரு லைன் இழுத்து வேலிக் கம்பியில விட்டுரும். ராத்திரி மட்டும். ஒரு தடவை வாங்குச்சுன்னா அந்தப் பக்கமே வராது."

நான் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. ஆனா அந்தச் சனிக்கிழமை மகனைப் பின்னால வெச்சுக்கிட்டுத் தென்காசிக்குப் போய் ரெண்டு சுருள் கம்பி வாங்கிட்டு வந்தேன். ஏழாவது படிக்கிறவன். "எதுக்குப்பா கம்பி?"ன்னான். "யானை வராம இருக்க, கரண்டு கொடுக்க"ன்னேன். அவன் மறுபடி ஒண்ணும் கேக்கல.

மறுநாள் ஞாயிறு. அன்னைக்குத்தான் ஜீப் பயணம். என் அக்கா குடும்பம் மதுரையில இருந்து வந்திருந்தாங்க. சாரல் நேரத்துல செங்கோட்டைக்கு வர்ற சொந்தக்காரங்களை குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போய் கூட்டத்துல நிப்பாட்டுறது எங்களுக்கே அலுத்துப்போன விஷயம். அத்தானுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருக்கு குண்டாறு அணைக்கு மேல எஸ்டேட்டு இருக்கு. கிராம்பு, மிளகு, ஊடே பலா. "மேல ஓடையில குளிக்கலாம், ஜீப் அனுப்புதேன், வாங்க"ன்னு சொல்லியிருந்தார். எனக்கு மனசே இல்ல. 23 கன்னு போன வீட்டுல உல்லாசப் பயணமான்னு இருந்துச்சு. வீட்டம்மாதான் விடல. "பிள்ளைக பள்ளிக்கூடம் தொறந்தா அப்புறம் எங்க போக? நீங்க வீட்டுல இருந்தா கன்னு முளைச்சிருமா?"

அதுக்கு மேல பேச என்ன இருக்கு? கெளம்பியாச்சு.

ஜீப்புல மொத்தம் ஒன்பது பேர். அப்பாவை முன்னால டிரைவர் அண்ணாச்சி பக்கத்துல உக்கார வெச்சோம். அவருக்கு வயசு 76. "நான் வரலேன்னா உங்களுக்கு வழி யாரு சொல்லுவா?"ன்னு முதல் ஆளா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஏறிட்டார். பின்னால எதிரெதிர் பெஞ்சுல நாங்க. காலுக்கடியில புளியோதரை வாளி, எள்ளுத் துவையல், தண்ணிக்கேன், அட்டைக்கு உப்புப் பொட்டலம்.

குண்டாறு அணை 36 அடிதான். சின்ன அணை. ஆனா சாரல் பிடிச்சா நம்ம பக்கத்துல முதல்ல நிறைஞ்சு வழியுறது இதுதான். அணைக்கரை வரைக்கும் தார் ரோடு. அதுக்கு மேல ரோடுன்னு சொன்னா ரோடு கோவிச்சுக்கிடும். ஆத்துல கெடக்கிற உருண்டைக் கல்லு எல்லாத்தையும் மலை மேல கொண்டு போய் வரிசையா அடுக்கினா எப்படி இருக்கும், அப்படி. டிரைவர் அண்ணாச்சி சக்கரத்துக்கிட்ட எறங்கி என்னமோ திருகிட்டு வந்து, நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி கியரைத் தட்டினார். அப்புறம் வண்டி நடந்து போற வேகம்தான். ஒரு கல்லு மேல இடது சக்கரம் ஏறும்போது வலது பக்கத்துல இருக்கிற எல்லாரும் பள்ளத்தை எட்டிப் பார்க்கிறோம். அடுத்த கல்லுல அவங்க மேல நாங்க விழுறோம். அக்கா முருகனைக் கூப்பிட்டா. என் சின்ன மக ஒவ்வொரு குலுக்கலுக்கும் கெக்கெக்கேன்னு சிரிச்சா. மேட்டுல வண்டி மூக்கைத் தூக்கி நின்னப்போ கண்ணாடி வழியா மேகம் மட்டும்தான் தெரிஞ்சுச்சு.

"பயப்படாதிய. இந்த வண்டிக்கு என் வயசு. ரெண்டு பேருக்கும் இந்த வழி கண்ணை மூடினாலும் தெரியும்"னார் அண்ணாச்சி.

"நீரு கண்ணைத் தொறந்தே ஓட்டும்"னார் அப்பா.

மேல போய் ஓடையில குளிச்சோம், சாப்பிட்டோம். தண்ணி பல்லைக் கிட்டிக்கிற அளவுக்குக் குளிர்ச்சி. ஆளுக்கு ரெண்டு அட்டை கடிச்சது. அதெல்லாம் எல்லாப் பயணத்துலயும் உள்ளதுதான். சாப்பிட்டு முடிச்சு பாறையில உக்காந்திருந்தப்போ அப்பா பேசின பேச்சு மட்டும் மனசுல நிக்குது.

அப்பா பிறந்தது 1948-ல. அப்போ செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்தது. 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேர்ந்தது. "ராஜ்யம் மாறிட்டு. நான் வீட்டுத் திண்ணையை விட்டு எறங்கவே இல்ல"ன்னு அப்பா எப்பவும் சொல்ற வேடிக்கை. அன்னைக்கும் அதைச் சொல்லிட்டு, மேற்கே கையை நீட்டினார்.

"அங்க பாரு, மலை தாழ்ந்து வழி விட்டிருக்குல்லா. அதுவழியாத்தான் நமக்குக் காத்தும் சாரலும் வருது. அதுவழியாத்தான் 1904-ல வெள்ளக்காரன் கொல்லத்துக்கு ரயிலு விட்டான். ரோடும் அதுவழியாத்தான். ஆனையும் அதுவழியாத்தானே போவணும்? மலையேறி எறங்க அதுக்கு என்ன வேண்டுதலா?"

அப்பா சொன்னது சரிதான்னு பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைக் காடு, வடக்கே பெரியாறு காடு. ரெண்டு பக்கமும் யானைக் கூட்டங்கள் உண்டு. நடுவுல ரயில்பாதை, கொல்லம் ரோடு, ரப்பர், எஸ்டேட்டு, ஊரு, நம்ம தோட்டம். அதனால ரெண்டு கூட்டமும் ஒண்ணோட ஒண்ணு சேர முடியாம பிரிஞ்சு நிக்குது. 2022 ஆகஸ்டுல அகத்தியமலையை யானைகள் காப்பகமா அறிவிச்சாங்க, 1197 சதுர கிலோமீட்டர். ஆனா காப்பகத்து எல்லை யானைக்குத் தெரியுமா? வளர்ந்த யானை ஒண்ணு ஒரு நாளைக்கு 150 கிலோ வரைக்கும் தீனி தின்னும். காட்டுல பகல் பூரா நடந்து தேடுற தீனி தென்னந்தோப்புல அரை மணி நேரத்துல கெடைக்கும்னா, அது எங்க வரும்? நான் அதோட இடத்துல இருந்தாலும் தோப்புக்குத்தான் வருவேன்.

இதெல்லாம் இப்போ எழுதுற ஞானம். அன்னைக்கு நான் அப்பாகிட்ட, "வழி அதோடதுன்னா வழியில போகட்டும். என் கன்னு என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு வெடுக்குன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல.

நாலரை மணி இருக்கும், எறங்க ஆரம்பிச்சோம். மேகம் கீழ எறங்கி பாதையெல்லாம் புகை மாதிரி. பாதி தூரத்துல ஒரு வளைவுக்கு முன்னால அண்ணாச்சி வண்டியை நிப்பாட்டிட்டு மோந்து பார்த்தார். எனக்கும் அந்த வாடை தெரிஞ்சுச்சு. ரெண்டு வாரமா என் தோட்டத்துல அடிக்கிற அதே வாடை. பாதை ஓரத்துல ஈத்தை முறிஞ்சு கெடந்தது. பக்கத்துல லத்தி, அதுல இருந்து ஆவி வந்துக்கிட்டிருந்தது.

"பெரியவரு இருக்காரு. யாரும் வாயைத் தொறக்கக் கூடாது"ன்னார்.

வளைவைத் தாண்டி வண்டி மெல்ல நகர்ந்ததும் பார்த்தோம். கீழே நாப்பது அம்பது அடியில, பாதையை ஓடை குறுக்கே அறுக்கிற இடத்துல, மூணு யானை. ரெண்டு பெரிசு, ஒரு குட்டி. மூணுக்கும் வெளியே நீட்டின தந்தம் இல்ல. குட்டி என் இடுப்பு உயரம்தான் இருக்கும். உடம்பு பூரா சிலுப்பின முடி.

அண்ணாச்சி எஞ்சினை அணைக்கல. பின்னால அவர் சொன்ன காரணம், "இது பழைய வண்டி. அணைச்சா திரும்ப கெளப்பும்போது இருமும். அந்தச் சத்தம் அதுக்கு ஆகாது." கையை பின் கியர்ல வெச்சுக்கிட்டு அப்படியே இருந்தார். பின்னால போகணும்னா செங்குத்து மேடு, வழுக்குக் கல்லு. ஒன்பது பேர் பாரம். சாரல் காத்து எங்க முதுகுப் பக்கம் இருந்து அதுகளைப் பார்த்து வீசிட்டிருக்கு. எங்க வாடை போகாம இருக்குமா? பெரிசுல ஒண்ணு தும்பிக்கையைத் தூக்கி எங்க பக்கம் வளைச்சது. அதுவரைக்கும் விசிறி மாதிரி ஆடிக்கிட்டிருந்த காது ரெண்டும் சட்டுன்னு நின்னு, முறம் மாதிரி விரிஞ்சுச்சு.

அக்கா மகன் போனைத் தூக்கினான். அண்ணாச்சி திரும்பாமலே கையைப் பின்னால நீட்டி அவன் கையை அமுக்கினார். எப்படித் தெரிஞ்சதோ.

யானை எங்களைப் பார்த்து நாலு எட்டு வேகமா வந்துச்சு. ஓடையில தண்ணி ரெண்டு பக்கமும் அடிச்சது. என் மக என் சட்டைக்குள்ள முகத்தைப் புதைச்சா. அவளோட நெஞ்சு அடிக்கிறது என் வயித்துல தெரியுது. அண்ணாச்சி அசையல. அதுவும் நின்னுச்சு. தும்பிக்கையால தரையில ஓங்கி அடிச்சுட்டு, ஒரு கிளையை ஒடிச்சு வீசிட்டு, நின்னபடியே எங்களைப் பார்த்துச்சு.

இதுக்கிடையில குட்டி மேட்டுல ஏறப் பார்த்து வழுக்கி ஓடையில விழுந்துச்சு. திரும்ப ஏறுது, திரும்ப விழுது. மூணாவது தடவை, இன்னொரு பெரிசு பின்னால போய் நெத்தியை வெச்சு முட்டுக் கொடுத்து, தும்பிக்கையைக் கால் இடையில விட்டு மேல தள்ளுச்சு. குட்டி மேட்டுக்கு ஏறி ஈத்தைக்குள்ள மறைஞ்சுச்சு. எங்க முன்னால நின்னது அதுக்குப் பிறகுதான் திரும்பிச்சு. ஓடல. நிதானமா, நடுநடுவே நின்னு எங்களைத் திரும்பிப் பார்த்துட்டே போச்சு.

மொத்தம் இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது நிமிஷத்துல எனக்கு யானை மேல கோபம் இருந்ததான்னு கேட்டா, இல்ல. பயம் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகளை எதுக்குடா இங்க கொண்டு வந்தோம்னு இருந்தது.

அதுக போன பிறகும் அண்ணாச்சி கால் மணி நேரம் வண்டியை எடுக்கல. அப்போதான் மகன் என் காதுகிட்ட வந்து கேட்டான்.

"அப்பா, நம்ம கன்னைத் தின்னது இதுகதானா?"

"தெரியலடா. இருக்கலாம்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "கம்பியை முதல்ல குட்டி தொட்டா என்ன ஆகும்?"

நான் பதில் சொல்லல. முன்சீட்டுல அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அதுவரை அவருக்குக் கம்பி சமாசாரம் தெரியாது. அவரும் ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு அவர் நல்லா நாலு வார்த்தை ஏசியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

ராத்திரி தூக்கம் வரல. 2023 மார்ச்சுல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்துல சட்டத்துக்குப் புறம்பா வெச்ச மின்வேலியில சிக்கி மூணு யானை செத்ததும், ரெண்டு குட்டி தப்பிச்சு அங்கேயே சுத்திச் சுத்தி நின்னதும் டிவியில பார்த்தது ஞாபகம் வந்துச்சு. அப்போ நானே "இப்படியும் பண்ணுவானா ஒருத்தன்?"னு திட்டியிருக்கேன். அந்த ஒருத்தனும் என்னை மாதிரி கன்னு எண்ணிக்கிட்டு நின்னவனாத்தான் இருந்திருப்பான். யானை மட்டுமில்ல. ராத்திரி தண்ணி பாய்ச்ச வர்ற மனுசன் இப்படிக் கம்பியில மாட்டிச் செத்த கதை எல்லா ஊர்லயும் உண்டு. என் தோட்டத்து வரப்பு வழியா எத்தனை பேர் நடக்காங்க!

திங்கக்கிழமை கம்பியை எடுத்துட்டுக் கடைக்குப் போனேன். ஒரு சுருளைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. பிரிச்ச சுருளை எடுக்க மாட்டேன்னுட்டாங்க. அது இப்போ பாகல் பந்தலுக்கு ஆகியிருக்கு. மகன்கிட்ட நான் விளக்கம் எதுவும் சொல்லல. பந்தல் கட்டும்போது கூட நின்னு கம்பியைப் பிடிச்சுக் கொடுத்தான். அவ்வளவுதான்.

இதோட பிரச்சினை தீர்ந்துச்சான்னா, தீரல. பொய் சொல்லக் கூடாது. ஆடியில மறுபடியும் வந்து ஏழு கன்னைத் தின்னுச்சு. நாலு தோட்டக்காரங்க சேர்ந்து முறை வெச்சு ராத்திரிக் காவல் இருக்கோம். தீ மூட்டுவோம், தகரம் தட்டுவோம். சோலார் வேலிக்குத் துட்டு சேர்த்துக்கிட்டிருக்கேன். அதுல விட்டு விட்டு வர்ற அதிர்ச்சி மட்டும்தான், ஆளைக் கொல்லாது. ஆனா அதுக்கும் பதிவு, விதி உண்டு. கொடி படர்ந்தா வேலை செய்யாது, வாரம் ஒருமுறை சுத்தம் பண்ணணும். காவலுக்குப் போற ராத்திரிகள்ல இப்பவும் எனக்குக் கோபம் வரும். மூணு வருஷம் தண்ணி ஊத்தினது நான்தானே? வயித்தெரிச்சல் இல்லாம இருக்க நான் சாமியார் இல்ல. காட்டைக் காப்பாத்துற செலவை அடிவாரத்துல இருக்கிற நாலு சம்சாரி மட்டும் சுமக்கிறது நியாயமில்லன்னு இப்பவும் சொல்லுவேன். அதைச் சொல்லவேண்டிய இடம் தாலுகா ஆபீசும் வனத்துறை ஆபீசும்தான். மோட்டார் ரூம் இல்ல.

சாரல் பார்க்க வந்து ஜீப்புல மலையேறுறவங்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால எறங்கிடுங்க, எங்களை மாதிரி தாமதிக்காதீங்க. டிரைவர் நிப்பாட்டுன்னா நிப்பாட்டுதான், போன் எடுக்காதீங்க. பாட்டுப் பெட்டி வேண்டாம். மிச்சச் சோத்தைக் காட்டுல கொட்டிட்டு வராதீங்க.

போன வாரம் காவல் முறை எனக்கு. பரண்ல மகனும் வந்து படுத்திருந்தான். ரெண்டு மணிக்கு மேற்கே ஈத்தை முறியுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் எழுந்து உக்காந்தோம். நான் தகரத்தை எடுத்தேன். "இருங்கப்பா, குட்டியும் வருதான்னு பார்த்துட்டுத் தட்டுவோம்"னான்.

பார்த்துட்டுத்தான் தட்டினேன்.